வேர்விட்ட வலைக்கழிகள்

பூவரசு மரங்கள் ஒரே வரிசையில் நின்றன. மரங்களை ஆய்ந்து அறிக்கை எழுத வந்த நந்தினி ஆட்டோவிலிருந்து இறங்கியதும் அவள் கண்ணில் முதலில் பட்டது அதுதான். தானாக முளைக்கும் மரம் வரிசை பார்த்து முளைப்பதில்லை.

முகத்துவாரத்துக்குப் போகும் புதுச்சாலை, இந்தக் குப்பத்தார் வலை காயப்போடும் இடத்தின் மேல் வருகிறது. மரங்கள் இந்த மண்ணுக்கே உரியவை என்று அவள் அறிக்கை சொன்னால் சாலை வளைந்து போக வேண்டும். கொண்டுவந்து வைத்தவை என்றால் வெட்டலாம். வாரம் முழுக்க இப்படியே கரை கரையாக அலைந்திருக்கிறாள்.

வலையை மடியில் போட்டுத் தைத்துக்கொண்டிருந்த குப்பத்து அங்காளம்மாள் கேட்காமலே சொன்னாள். வலை கட்டக் காய்ந்த கழி நட்டால் உப்பில் உளுத்துவிடும் என்று இங்கே பூவரசுக் கிளையை வெட்டிப் பச்சைக் கழியாகத்தான் நடுவார்களாம். அவள் மாமனார் நட்டவை அத்தனையும் வேர்விட்டுவிட்டன.

"எல்லாம் நாங்க நட்டதும்மா. நேத்து ரோட்டுக்காரங்க வந்தாங்க, அவங்களாண்டயும் சொன்னேன். வீடியோ புடிச்சிக்கினு போனாங்க. இனிமே எங்கள இங்கேருந்து எவன் எழுப்புவான்?"

நட்ட மரம் என்றால் வெட்டலாம்; அந்த வாக்குமூலத்துக்காகத்தான் அவர்கள் வந்தார்கள் என்று நந்தினிக்குப் புரிந்தது. கழிகளை எங்கே வெட்டினார்கள் என்று மட்டும் கேட்டாள்.

"தோ, அந்த ஓடையாண்ட பெரிய பூவரசு ஒண்ணு இருந்துச்சு. அத யாரும் வைக்கல, வெத தண்ணியில மெதந்து வந்துச்சுன்னுவாங்க. பழைய ரோடு போட்டப்ப மண்ணடிச்சு மூடிட்டாங்க."

நந்தினி சாலைச் சரிவு வரை நடந்தாள். சரளையும் பிளாஸ்டிக்கும்தான் கிடந்தன. அங்கிருந்தே தன் மேலாளர் எபினேசருக்குப் போன் செய்து, வீடியோவைப் பற்றிச் சொல்லிவிட்டு, மண்ணின் மரம் என்றே எழுதப் போவதாகச் சொன்னாள். இங்கே தானாக வளர்ந்த மரத்திலிருந்து வெட்டி நட்ட கிளைகள் இவை.

"அந்த மரம் எங்கம்மா?"

"ரோட்டுக்கு அடியில சார்."

"அப்ப அவங்க வீடியோதான் சாட்சியா நிக்கும். தெரியும்ல?"

"தெரியும் சார். எழுதி அனுப்பிடுறேன்."

அவள் திரும்பி வந்தபோது அங்காளம்மாள் வலையின் ஒரு முனையை மரத்தில் கட்டிக்கொண்டிருந்தாள். ரோட்டுக்காரர்களிடம் தான் சொன்னது சரிதானே என்று கேட்டாள். நந்தினி மறுமுனையை எடுத்து அடுத்த மரத்தில் கட்டினாள்.

"இனிமே யாராச்சும் கேட்டா, அந்தப் பெரிய மரத்த மொதல்ல சொல்லுங்கக்கா."