கருப்பு கூடின மீன்கள்

தங்கையின் பிரசவத்துக்காக ராசிபுரம் போயிருந்த ருக்குமணி மலையேறித் திரும்பிய அன்று, மூட்டையைக்கூட இறக்கிவைக்காமல் நேரே கொல்லைப்புறத் தொட்டிகளுக்குத்தான் போனாள். சிவப்புப் பெண்மீன்கள் இருந்த தொட்டியில் கருப்பு ஆண்மீன்கள் வாலை நீட்டிக்கொண்டு சுற்றின. அவள் பிரித்துவைத்ததை யாரோ சேர்த்துவிட்டிருந்தார்கள்.

"கருப்பண்ணா!"

காட்டுக் காவல்காரன் கருப்பண்ணன் ஓடிவந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் கேள்விக்குக் காத்திருக்கவில்லை. "ஐயாதானுங்க விடச் சொன்னாரு."

ஐயா என்றது அவள் கணவன், ரேஞ்சர் அருணாசலம். அவன் வாசலூர்பட்டிக்கு மாற்றலாகி வந்த சமயம், சீமைக்குத் திரும்பிய காப்பித் தோட்டத்துத் துரைசானி விட்டுப்போனவை அந்தச் சிவப்பு வாள்வால் மீன்கள். ஆணுக்கு வாலின் அடியில் வாள்போல நீண்டிருக்கும். முட்டையிடாமல் குஞ்சாகவே ஈனும். மிளகு வாங்க மலையேறும் அமீர் பாஷா, பட்டணத்திலிருந்து கரும்புள்ளி விழுந்த வேறொரு பச்சை ஜாதி மீனைப் பானையில் கொண்டுவந்து கொடுத்தார். குஞ்சிலிருந்தே தனியாக வளர்த்த சிவப்புப் பெண்களோடு கரும்புள்ளி ஆணைச் சேர்த்துவிட்டாள் ருக்குமணி. பிறந்தவை வளர வளர, கங்கும் கரியும் கலந்தாற்போல ஒரு நிறம் ஏறியது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

முகாம் வந்த ஜில்லா வன அதிகாரியும் அதைப் பார்த்தார். "கருப்பு இன்னும் கூடணும். சேலம் கண்காட்சியில வச்சா என் பேரு நிக்கும்" என்றார். மழைக்கு மழை மலைக்காய்ச்சலில் விழும் அருணாசலத்துக்கு, அவர் மனசு வைத்தால் கீழ்நாட்டுக்கு மாற்றல் கிடைக்கும்.

ருக்குமணியும் ஆசையாகத்தான் செய்தாள். கருப்பு மிகுந்த ஆண்களை மறுபடி சிவப்புப் பெண்களோடு விட்டாள். அந்த ஈற்றில் சில மீன்களுக்குக் கருப்பு பரவுவது நிற்கவேயில்லை. புள்ளி தடித்துப் பருவாகி, பரு கட்டியாகி, வாலைத் தின்றது. பக்கவாட்டில் சாய்ந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இனி இந்தக் கலப்பே வேண்டாம் என்று ஆண்களைப் பிரித்தாள். அருணாசலமும் அப்போது சரியென்று தலையாட்டினான்.

இப்போது வாசலில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தவன் முன்னால் போய் நின்றாள்.

"நான் அந்தப் பக்கம் போனதும் இதுதான் வேலையாங்க? அதுங்க படற பாட்ட நீங்களும் பார்த்தீங்கல்ல?"

"மீனுக்குப் போயி இந்தக் கத்துக் கத்தறே. அத்தனைக்குமா கட்டி வருது? நல்லதாப் பொறுக்கிக் குடுத்தா ஆச்சு."

"மிச்சம்?"

அவன் பூட்ஸை ஓரமாகத் தள்ளிவிட்டு உள்ளே போனான்.

ஆண்களை அன்றே பிரித்தாள். ஆனால் பெண்கள் சினையாகிவிட்டிருந்தன. குஞ்சுகள் பிறந்து வளர்ந்தன. மாதங்கள் சென்று கருப்பு ஏறியது. அவள் பயந்தபடியே சிலவற்றுக்குக் கட்டியும் எழும்பியது.

அதிகாரி மறுபடி முகாம் வந்தார். கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர் முன்னால் பித்தளைக் குண்டாவைக் கொண்டுவந்து வைத்தாள் ருக்குமணி. உள்ளே வாலிழந்த மீன் ஒன்று கட்டியின் கனம் தாங்காமல் அடியில் கிடந்தது.

"நீங்க கேட்ட கருப்பு இதுதானுங்க."

அவர் எட்டிப் பார்த்து முகம் சுளித்தார். "இத எடுத்துக் கொட்டச் சொல்லு, அருணாசலம். நல்லது இருக்குமில்ல?"

அருணாசலம் மனைவியைப் பார்க்காமல் எழுந்து போனான். மூன்று மீன்களைக் கண்ணாடிச் சாடியில் பிடித்துவந்தான். வெயிலில் அவை மின்னின. அதிகாரி சிரித்தார். சாடியைத் தூக்கிக்கொண்டு அவருடைய பியூன் புறப்பட்டான்.

"இதுங்களுக்கும் வாலடியில தடிக்க ஆரம்பிச்சாச்சுங்க. இதையும் ஈனவெச்சு இன்னும் கெடுக்கவா?"

"அம்மா, இது மீன்" என்றார் அதிகாரி.

"உசுருங்க!"

பியூன் கையிலிருந்து சாடியைப் பறித்தாள். கொல்லைக்கு நடந்து தொட்டியில் கவிழ்த்தாள். திரும்பி வந்தபோது அதிகாரி குதிரை ஏறியிருந்தார். அருணாசலம் பின்னாலேயே ஓடி ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மாற்றல் வரவில்லை. ஐப்பசி மழையில் காய்ச்சல்தான் வந்தது. இரண்டு கம்பளிக்குள்ளும் பல் கிடுகிடுக்க அவன் கேட்டான்:

"அந்த மூணும் பொழச்சுதா?"

"இல்லீங்க. செத்துப்போச்சு."

"அப்பறம் எதுக்குடி என்னைய இந்த மலையிலேயே கெடத்திப்போட்டே?"

அவள் அவன் உள்ளங்காலைச் சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க இப்படிக் கெடக்கறதப் பார்த்தா எனக்கு வயிறு எரியுதுங்க. அதுக்காக நீங்க பண்ணுனது சரின்னு என் வாயில வராது."

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான். அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. கோபமும் தணியவில்லை.