யாருடைய மாத்திரை

“உங்களுக்கு ப்ராஸ்டேட் வீக்கம் இருக்குங்க மேடம்” என்றார் காப்பீட்டு அலுவலகத்து அதிகாரி, கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எதிரே உட்கார்ந்திருந்தவளுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. முப்பத்தாறு வயதுப் பெண்பிள்ளை. ஆறு வயதில் ஒரு மகள் வேறு. ஆண்களுக்கு மட்டுமே இருக்கிற ஒரு சுரப்பி தனக்கு எப்போது முளைத்தது, அதற்குள் எப்படி வீங்கியது என்று கேட்டுவிடலாமா என்று நினைத்தாள். ஆனால் அந்த மனிதரின் முகத்தில் விளையாட்டு இல்லை. சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது, குரலிலும் கிடையாது. அந்த நிமிஷமே அவருக்கு ‘இஸ்திரி’ என்று பெயர் வைத்துவிட்டாள்.

“சார், நான் பொம்பளை.”

“தெரியுதுங்க. ஆனா சிஸ்டம் அதைப் பாக்காது. விலை போடறப்போ ஆண் பெண் பாகுபாடு கூடாதுன்னு விதி இருக்கு. நாங்க அதை ரொம்ப கண்டிப்பா கடைப்பிடிக்கிறோம்.”

இதைப் பெருமையாகச் சொன்னார் என்பதுதான் விசேஷம்.

அவளை வீட்டிலும் தெருவிலும் பல்லுக்காரி என்பார்கள். பல் வைத்தியர்கள் அனுப்புகிற வாய் அச்சை வைத்துப் பல் செட் செய்யும் பட்டறையில் பன்னிரண்டு வருஷமாக வேலை. மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, ராவி, மெருகேற்றி, டப்பாவில் போட்டு அனுப்புவாள். ஊரில் பாதிப் பேர் சிரிக்கிற சிரிப்பு அவள் கைவேலை. கணவன் பிரிந்து போன பிறகு மகளோடு அப்பா வீட்டுக்கே வந்துவிட்டாள். அங்கே அப்பா, அண்ணன், அண்ணி. ஐந்து பேருக்கு இரண்டரை அறை. அந்த அரை அறையில்தான் இவளும் மகளும்.

பட்டறை முதலாளி வேலைக்காரர்களுக்காக எடுத்து வைத்திருந்த கூட்டு மருத்துவப் பாலிசியை இந்த மாதத்தோடு நிறுத்துகிறார். இனி அவரவர் பாடு அவரவருக்கு. மகள் குட்டிக்கு மூச்சிரைப்பு. போன வருஷம் மட்டும் மூன்று தடவை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இடைவெளி விடாமல் புதுப் பாலிசிக்கு மாறிவிட்டால் இரைப்பு வைத்தியமும் அதில் அடங்கும். ஒரு நாள் விட்டுப்போனாலும் போச்சு, அது ‘பழைய நோய்’ ஆகிவிடும், மூன்று வருஷத்துக்குச் சல்லிக்காசு பெயராது. குழந்தையைத் தனியாகச் சேர்க்கவும் வழியில்லை. தாய் சேர்ந்தால்தான் குழந்தை. மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது.

“குழந்தைக்கு ஒண்ணும் தடை இல்லீங்க, கொஞ்சம் கூடுதல் பிரீமியத்தோட எடுத்துக்கறோம். தடையா நிக்கிறது நீங்கதான்” என்றார் இஸ்திரி. “ப்ராஸ்டேட், சர்க்கரை, குடிப்பழக்கம், அப்புறம் மனச்சோர்வு.”

“நான் குடிக்கிறேனா?”

“குடியை விடறதுக்கு மாத்திரை சாப்பிடறீங்க. நல்ல விஷயம்தான். ஆனா குடிச்சாத்தானே விடணும்?”

பல்லுக்காரிக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. மருந்துக்கடை! தெருமுனை மருந்துக்கடையில் பில் போடும்போது போன் நம்பர் கேட்பார்கள். சொன்னால் பாயிண்ட் ஏறும். ஏறிய பாயிண்டில் வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு சோப்போ சீப்போ கொடுப்பார்கள். அப்பாவுக்குத் தன் நம்பரே ஞாபகம் இருக்காது. மகள் நம்பரைத்தான் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார். ஒன்றுக்குப் போகிற உபத்திரவத்துக்கும் சர்க்கரைக்கும் அவர் வாங்குகிற மாத்திரையெல்லாம் அந்த நம்பரில்தான். அண்ணன் போன வருஷம் குடியை விடுவதாகச் சபதம் எடுத்தபோது, தன் போனில் மெசேஜ் வந்தால் ஆபீஸில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று கூச்சப்பட்டு, தங்கை நம்பரைச் சொல்லிவிட்டான்.

அண்ணியின் கதை வேறு. இரண்டாவது தடவையும் கரு தங்காமல் போன பிறகு அண்ணி ஒரு டாக்டரிடம் போனாள். வீட்டில் அது பல்லுக்காரிக்கு மட்டும்தான் தெரியும். “மாத்திரை தின்னா மனசு சரியாயிடுமா? எல்லாம் பிரமை” என்பது அண்ணனுடைய சித்தாந்தம். ஆகவே பல்லுக்காரிதான் சொன்னாள்: “என் நம்பரைக் குடுங்க அண்ணி. மெசேஜ் எனக்குத்தானே வரும், யாருக்கும் தெரியாது.”

யாருக்கும் தெரியாதாம். மருந்துக்கடைக்காரன் எல்லாவற்றையும் மூட்டை கட்டி விற்றிருக்கிறான், இவர்கள் வாங்கியிருக்கிறார்கள்.

“நீங்க எப்படி சார் இதை வாங்கலாம்? நான் எங்கே கையெழுத்துப் போட்டேன்?”

“பாயிண்ட் திட்டத்துல சேர்றப்போ ‘சம்மதம்’னு அழுத்தியிருக்கீங்க மேடம். பதினாலாம் பக்கம்.”

ஒரு சீப்புக்காகவா! தினமும் பத்துப் பேர் வாயிலிருந்து எடுத்த அச்சைக் கழுவுகிறவள் அவள். எச்சில், ரத்தம், பழைய சோற்றுப் பருக்கை எல்லாம் பார்த்தவள். எதற்கும் முகம் சுளித்ததில்லை. இந்தக் கண்ணாடி மேசைக்கு முன்னால் குமட்டிக்கொண்டு வந்தது.

“இதெல்லாம் என்னோடது இல்ல. அழிச்சிடுங்க.”

“எனக்கும் புரியுதுங்க. ஆனா என் கையில இல்ல.” இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நகர்த்தினார். “இதை நிரப்பிக் குடுங்க. எந்த மருந்து யாருடையது, அவங்க பேரு, பிறந்த தேதி, அடையாள எண், கையெழுத்து. குடுத்த அன்னிக்கே உங்க பேர்லேர்ந்து எடுத்துடலாம்.”

“எடுத்து?”

“சரியான ஆளு பேர்ல சேர்த்துடுவோம்.”

அட பாவிகளா! திருட்டுப் போனது என்று சொல்ல வந்தவளிடம், வீட்டில் மிச்சம் என்னென்ன இருக்கிறது, அதையும் எழுதிக்கொடு என்கிறான்.

“நாலுமே எழுதணுமா சார்?”

“மத்ததையெல்லாம் கொஞ்சம் ஏத்திக் குடுத்து சமாளிச்சிடலாம். அந்த மனச்சோர்வு இருக்கே, அது இருந்தா மட்டும் கண்டிப்பா நிராகரிப்புதான்” என்றார் இஸ்திரி. தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்டார். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

வீட்டுக்கு வந்தவள் இரண்டு நாள் படிவத்தைப் பையைவிட்டு எடுக்கவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

விஷயத்தைக் கேட்டதும் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். “என் பொண்ணுக்கு ப்ராஸ்டேட்டா! கொண்டா, நானே எழுதித் தரேன். இந்த வயசுல எனக்கென்ன மானம் போவுது?” அவர் கையெழுத்துப் போட்டு முடிக்கச் சாம்பார் ஆறிப்போகிற அளவுக்கு நேரமானது. அண்ணன் முகம் சிவந்தாலும், “ஊருக்கே தெரிஞ்ச கதைதானே” என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டான்.

“இன்னும் ஒண்ணு காலியா இருக்கே, அது யாருது?” என்றார் அப்பா.

“அது என்னோடதுதான்” என்றாள் பல்லுக்காரி.

“உன்னோடதுன்னா உனக்கு பாலிசி குடுக்க மாட்டான்னு இப்பத்தானே சொன்னே?”

அரை அறையிலிருந்து குட்டி இருமுகிற சத்தம் கேட்டது. இருமல் முடிந்து மூச்சை இழுக்கும்போது வருமே ஒரு விசில் சத்தம், அதுவும் கேட்டது. அண்ணி தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள்.

“அண்ணி...” என்றாள் பல்லுக்காரி.

அதற்கு மேல் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையைப் பிடித்திருக்கலாம். படிவத்தைப் பிடுங்கியிருக்கலாம். வேண்டாம் அண்ணி, வேறு வழி பார்க்கலாம் என்று ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அண்ணி எழுதி முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். காத்திருந்தது அவளுக்கே நன்றாகத் தெரிந்தது.

“எத்தனை நாளா?” என்று கேட்டான் அண்ணன்.

“ரெண்டு வருஷமா.”

அவன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்க் கை கழுவினான். கழுவினான், கழுவினான், கழுவிக்கொண்டே இருந்தான். அதன்பின் பல நாள் அண்ணியிடம் அவன் பேசியதெல்லாம் சாவி எங்கே, சட்டை எங்கே என்பது மட்டும்தான்.

படிவத்தை வாங்கிய இஸ்திரியின் முகத்தில் முதல் தடவையாக ஒரு மலர்ச்சி வந்தது. விரலை எச்சில் தொட்டுப் பக்கத்தைப் புரட்டி, ஒவ்வொரு பெயராகத் தட்டினார். “உங்க அண்ணன் குடும்பமும் நம்மகிட்டதான் பாலிசி வெச்சிருக்காங்க போல. நல்லதாப் போச்சு.” யாருக்கு நல்லது என்று அவர் சொல்லவில்லை. மூன்று மனிதர்கள் அந்த மேசைமேல் கோழியை உரிப்பதுபோல் உரிபட்டுக்கொண்டிருந்தார்கள். உரிக்கக் கொண்டுவந்து கொடுத்தவள் எதிரே கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இதனால அவங்களுக்கு ஏதாவது ஆகுமா சார்?”

“அது வேற பிரிவு பாக்கறதுங்க.” பிறகு, நம்ம மேடம்தானே என்கிற தோரணையில் குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு சொல்றேன். ஒரு வருஷம் அந்த மருந்து வாங்கினதா எதுவும் ஏறலேன்னா, அந்தப் பதிவு தானா விழுந்துடும். சிஸ்டம் அப்படித்தான்.”

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது பாலிசி வந்தது. பல்லுக்காரி பட்டறையில் ஒரு கிழவரின் கீழ்வரிசையை மெருகேற்றிக்கொண்டிருந்தாள். போனில் செய்தியைப் பார்த்ததும் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். மகள் பெயர் இருந்தது. மூச்சிரைப்பும் அடக்கம் என்று இருந்தது. நிம்மதி என்றால் அப்படி ஒரு நிம்மதி. சே, எப்படித்தான் வந்ததோ!

மூன்றே வாரத்தில் அண்ணன் பெயருக்குக் கடிதம் வந்தது. அவர்கள் பாலிசியின் பிரீமியம் ஏறக்குறைய இரட்டிப்பு. மனநலம் ‘சம்பந்தப்பட்ட’ எதற்கும் செலவு கிடைக்காது. தலைவலி, தூக்கமின்மை, பிரசவத்துக்குப் பிந்தைய சிக்கல் எல்லாம் அந்த சம்பந்தத்துக்குள் வருமாம். காரணம் என்று ஒரே வரி: ‘தாங்களாக முன்வந்து தெரிவித்த விவரங்களின் அடிப்படையில்’.

தாங்களாக முன்வந்து! பல்லுக்காரி இஸ்திரிக்குப் போன் போட்டு, வாயில் வந்ததையெல்லாம் கொட்டினாள். மனுஷ ஜென்மமா, வெட்கம் மானம் ஏதாவது இருக்கிறதா, பெற்ற தாயையும் இப்படித்தான் விலை போட்டு வைத்திருக்கிறீர்களா என்றெல்லாம் கேட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இந்தப் பேச்சு பதிவாகுதுங்க மேடம். உங்க பேர்லதான் ஏறும், பாத்துக்கோங்க” என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

அண்ணன் கடிதத்தை அண்ணி முன்னால் போட்டுவிட்டு வெளியே போய்விட்டான். அண்ணி அதை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள். பல்லுக்காரிக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எதையாவது சொல்லித் தேற்றினால் தேவலை என்று வாய் பரபரத்தது.

“கவலைப்படாதீங்க அண்ணி. அந்த ஆளே சொன்னான், ஒரு வருஷம் எதுவும் ஏறலேன்னா தானா விழுந்துடுமாம். ஏதாவது வழி பண்ணிக்கலாம். வேற கடை பாக்கலாம்.”

“அப்படியா சொன்னாரு?” என்றாள் அண்ணி.

பட்டறையில் வேலை நெருக்கியது. வழியும் பண்ணவில்லை, வேறு கடையும் பார்க்கவில்லை. நாளைக்கு நாளைக்கு என்று ஒரு மாதம் ஓடிவிட்டது.

ஒரு நாள் காலையில் குட்டி ஓடிவந்து, “அம்மா, அத்தை தண்ணிய நிறுத்த மாட்டேங்கறாங்க” என்றாள். சமையலறையில் குழாய் முழுவேகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. தொட்டி நிரம்பித் தரையெல்லாம் ஓடி, அண்ணியின் சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. அவள் கையில் ஒரு டம்ளரைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு வருஷத்துக்கு முன் டாக்டரிடம் போவதற்கு முன்னால் இப்படித்தான் நிற்பாள், மணிக்கணக்காக.

பல்லுக்காரி குழாயை மூடினாள். டம்ளரை விரல்களிலிருந்து மெல்ல உருவினாள்.

“அண்ணி, மாத்திரை சாப்பிடறீங்கதானே?”

அண்ணி அவளைத் திரும்பிப் பார்க்கக் கொஞ்ச நேரமாயிற்று.

“நீதானே சொன்னே” என்றாள். குரலில் குற்றம் சொல்கிற தொனியே இல்லை. “உன் அண்ணனும் கேட்டாரு, எப்ப நம்ம பேரு சரியாகும்னு. அதான் அன்னிக்கே நிறுத்திட்டேன்.”

பல்லுக்காரிக்கு இஸ்திரியைத் திட்ட வாயெடுத்தால் வசவு வரவில்லை. அவன் சொன்னதை அச்சுப் பிசகாமல் கொண்டுவந்து இந்த வீட்டில் வைத்த தன் குரல்தான் காதில் கேட்டது. தன் வாயைத் தானே கழுவவேண்டும்போல அவ்வளவு அருவருப்பாக இருந்தது.

அண்ணி குனிந்து, நனைந்த சேலையைப் பிழியத் தொடங்கினாள். பிழிந்துகொண்டே, அழுகிற குழந்தைக்குச் சமாதானம் சொல்வதுபோல் சொன்னாள்:

“ஏன் இப்படி முழிக்கிறே? ஒரு மாசம் ஓடிடுச்சு. இன்னும் பதினோரு மாசம்தானே.”