இரவல் துப்பாக்கி

நியூஜெர்சியில் துப்பாக்கி வாங்கப் பணம் மட்டும் போதாது. தெரிந்தவர்கள் இருவர் போலீஸிடம் "இவர் நல்லவர்" என்று சொல்ல வேண்டும். டெனிஸ் என்னிடம் வந்து நின்றாள்.

"ஜாய்ஸ் அக்கா, எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

போன நவம்பரில் என் வான்கோழியைத் தட்டிப் பறித்தவள் இவள். நன்றி தெரிவிக்கும் நாளின் வான்கோழி விருந்துக்கு முன் எங்கள் துப்பாக்கி கிளப்பில் போட்டி நடக்கும். குறித்தாளின் நடுப்புள்ளியை ஒட்டிச் சுடுபவருக்கு வான்கோழி பரிசு. வருடாவருடம் அது என் வீட்டுக்குத்தான் வரும். சொந்தத் துப்பாக்கிகூட இல்லாதவள், கிளப்பின் இரவல் துப்பாக்கியால் சுட்டு அதைத் தூக்கிப் போனாள். வயிறு இன்னும் எரிகிறது. சொந்தமாக ஒன்று வந்துவிட்டால் இவளைப் பிடிக்க முடியுமா?

"சொல்லிட்டாப் போச்சு" என்று சிரித்தேன்.

போலீஸிலிருந்து சார்ஜன்ட் ப்ருகார் போன் செய்தார். "டெனிஸ் எப்படிங்க?"

"தங்கமான பொண்ணு. ஆனா கோபம் வந்தா கண்ணுமண்ணு தெரியாது. சட்டியெல்லாம் பறக்கும்."

சொல்லி முடித்ததும் நெஞ்சு குளிர்ந்தது. அந்தப் பக்கம் அவர் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது.

"உங்க உரிமத்தையும் புதுப்பிக்கக் கொடுத்திருக்கீங்களே. உங்களுக்காகச் சொன்னது டெனிஸ்தான். 'அக்காவ நம்பி என் புள்ளைங்களையே விடுவேன்'னாங்க. அவ்வளவு கோபக்காரி பேச்ச நான் எப்படி நம்புறது?"

கிளப்பில் ஒருவருக்கொருவர் நற்சான்று சொல்லிக்கொள்வதுதான் வழக்கம். அவள் பெயரைக் கொடுத்ததையே மறந்திருந்தேன்!

"சட்டி பறந்தத நான் பார்க்கல சார். பொறாமையில சொல்லிட்டேன்."

"போலீஸ்கிட்டயே பொய்யா? உங்களத்தான் இப்ப நல்லா விசாரிக்கணும். அதுவரைக்கும் உங்க துப்பாக்கிய எங்ககிட்ட ஒப்படைச்சிடுங்க."

அவளுக்கு உரிமம் வந்தது. எனக்கு வரவில்லை.

நவம்பரில் டெனிஸ் பளபளக்கும் புதுத் துப்பாக்கியோடு நின்றாள். என் கையில் கிளப்பின் இரவல் துப்பாக்கி. நிதானமாகக் குறிபார்த்துத்தான் சுட்டேன். குண்டுகள் தாளின் இடது ஓரத்தைக் கிழித்துக்கொண்டு போயின. யாரோ சிரித்தார்கள்.

டெனிஸ் என் காதருகே குனிந்தாள். "அக்கா, அது எப்பவுமே இடப்பக்கம் இழுக்கும். கொஞ்சம் வலப்பக்கம் வெச்சுச் சுடணும். முன்னாடியே சொல்லியிருப்பேன், உங்களுக்குத் தெரியாம இருக்குமான்னு விட்டுட்டேன்."

இந்தக் கோணல் துப்பாக்கியை வைத்துத்தான் போன வருடம் என்னை ஜெயித்திருக்கிறாள்.