ஏழாம் எண் இறங்கும் படம்

என் அக்காவின் வீட்டுக்காரர் பெயரை ஒரு நூலகத்தின் சுவரில் எழுதிவிட்டார்கள். அப்படி என்னதான் சாதித்தார் மனுஷன்? வீட்டில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்த பழைய இரும்பு அலமாரி ஒன்றைத் தூக்கிக் கொடுத்தார். அதன் பூட்டுகூட வேலை செய்யாது. ஆனால் அக்கா அந்தச் சுவரைப் போட்டோ எடுத்துக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு, "வேண்டாம்னு சொன்னாலும் கேக்காம அவர் பேரைப் போட்டுட்டாங்கடி" என்று பார்க்கிறபோதெல்லாம் அலுத்துக்கொள்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வராதா பின்னே? என் வீட்டுக்காரர் போர் விமானி. நிஜமான போர், நிஜமான விமானி. அப்பேர்ப்பட்டவர் பெயர் எங்கள் வீட்டு வாசல் பலகையைத் தவிர வேறெங்கும் கிடையாது. அதிலும் பாதி எழுத்து உதிர்ந்துவிட்டது.

எங்கள் பரணில் ஒரு தோல்பெட்டி உண்டு. அதில் போர் நடந்தபோது அவர் வாட்டர் கலரில் வரைந்த படங்கள் இருந்தன. எல்லாம் விமானங்கள். மேகத்துக்கு வண்ணமே பூசமாட்டார். காகிதத்தை அப்படியே வெள்ளையாக விட்டுவிடுவார், அது மேகமாகத் தெரியும். கல்யாணமான புதிதில் நான்தான் பெட்டியைக் கிளறிக் கண்டுபிடித்தேன். கேட்டதற்கு, "சும்மா, பொழுது போகாம வரைஞ்சது" என்றார். குண்டு மழைக்கு நடுவே பொழுது போகவில்லையாம், பாருங்கள், என்ன தன்னடக்கம் என்று நான் ஊரெல்லாம் சொல்லித் தீர்த்தேன். அவர் மறுக்கவும் இல்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை.

நூலகச் சுவருக்குப் பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. அவர் நடக்கப் போன சமயம் பார்த்துப் பெட்டியை இறக்கி, ஆட்டோ பிடித்து, விமானப்படை அருங்காட்சியகத்தில் கொண்டுபோய் வைத்தேன். அங்கே படங்களுக்குப் பொறுப்பாக இருந்த இளம் அதிகாரி வாயைப் பிளந்தார். ஒரு முழுச் சுவரையே தருகிறேன் என்றார். என் வீட்டுக்காரர் பெயரோடா என்று கேட்டேன். பித்தளையில் என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த அதிகாரி ஒரு தினுசு. பையில் எப்போதும் ரசமட்டம் வைத்திருப்பார். கொத்தனார்கள் சுவரில் வைத்துப் பார்ப்பார்களே, கண்ணாடிக் குழாயில் குமிழி ஆடுவது, அதேதான். படங்களை வரிசைப்படுத்தப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தவர் உட்காருவதற்கு முன்பே எங்கள் கல்யாணப் போட்டோவின் தலையில் அதை வைத்து, "இடது பக்கம் கொஞ்சம் எறக்கம் மேடம்" என்றார். இடது பக்கம் நிற்பவர் என் வீட்டுக்காரர். அன்றிலிருந்து எனக்கு அந்த அதிகாரியின் பெயர் ரசமட்டம்தான்.

படங்களைச் சாப்பாட்டு மேசையிலும் கட்டிலிலும் பரப்பினோம். அப்போதுதான் ரசமட்டம் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். படங்கள் ஜோடி ஜோடியாக இருந்தன. வாலில் மூன்று என்று எழுதிய விமானம் கிளம்புகிற மாதிரி ஒன்று, அதே விமானம் இறங்குகிற மாதிரி ஒன்று. ஐந்துக்கும் அப்படியே, ஒன்பதுக்கும் அப்படியே.

"ஏழுக்கு மட்டும் ஒண்ணுதான் இருக்கு சார். கிளம்புறது இருக்கு, எறங்குறது இல்லையே?"

"இல்ல" என்றார் என் வீட்டுக்காரர்.

"தொலைஞ்சு போச்சா?"

"வரையல."

ரசமட்டம் கட்டிலைச் சுற்றி நடந்தார். ஒற்றைப் படம் அவரை உறுத்திற்று. "சுவர் ஒரு பக்கம் இழுக்கும் சார். ஒண்ணே ஒண்ணு புதுசா வரைஞ்சு குடுத்துடுங்களேன். ஏழு எறங்குற மாதிரி. உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" பிறகு படங்களைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "எல்லாத்துலயும் சக்கரம் வெளியவே இருக்கே? மேல போனதும் உள்ள இழுத்துக்கும்ல?" என்று கேட்டார்.

"இழுத்துக்கும்" என்றார் இவர். எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

நான்தான் வாசல்வரை போய், "அதுக்கென்ன தம்பி, வரைஞ்சு குடுப்பார்" என்று வாக்குக் கொடுத்தேன். ஓய்வு பெற்றபின் குருவி, பூந்தொட்டி, பக்கத்து வீட்டுப் பூனை என்று கண்ணில் பட்டதையெல்லாம் வரைகிற மனுஷனுக்கு ஒரு விமானம் பெரிய காரியமா?

பெரிய காரியமாகத்தான் இருந்தது. தினமும் காலையில் காகிதத்தைப் பலகையில் ஒட்டுவார், தண்ணீர் தடவுவார், நீலத்தைக் கரைப்பார். அப்புறம் தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காகிதம் காய்ந்து விறைத்துப்போகும். மறுநாள் மறுபடி தண்ணீர். தூரிகையை என் டீயில் நனைத்ததுதான் மிச்சம்.

"என்னங்க இது? பித்தளையில பேரு அடிக்கிறாங்க, நீங்க ஒரு சக்கரத்தைப் போடறதுக்கு இந்தப் பாடு படறீங்க?" என்று கத்தினேன். "அக்காவுக்கெல்லாம் சொல்லியாச்சு. அவங்க முன்னாடி என் மானத்தை வாங்காதீங்க."

தூரிகையைக் கீழே வைத்தார். "நான் அந்தப் போர்ல பறக்கவே இல்ல" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. "என்னது?"

"பொன்னுக்கு வீங்கி வந்துடுச்சு. டாக்டர் ஓடுதளத்துக்குப் பக்கத்துல ஒரு ரூம்ல போட்டு அடைச்சுட்டார். யார் கூடவும் சேரக் கூடாது, மத்த பைலட்டுக்கு ஒட்டிக்கும்னு. வீக்கம் வத்தின அன்னிக்கு போரும் முடிஞ்சு போச்சு."

நான் சிரித்துவிட்டேன். என்ன செய்ய, அடக்க முடியவில்லை. பெயரில்தான் பொன், மூஞ்சி பூசணிக்காய் மாதிரி வீங்கி, ஜன்னலருகே என் போர் வீரர் உட்கார்ந்திருந்த காட்சி கண் முன்னால் வந்துவிட்டது. சிரிப்பு அடங்கியதும் அக்காவிடம் என்ன சொல்வது என்ற கவலை வந்தது. அதன் பின்னாலேயே கோபம். இத்தனை வருஷம் என்னை ஊரெல்லாம் பேசவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறாரே! பொழுது போகாமல் வரைந்தேன் என்று அவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார் என்பது அதற்கப்புறம்தான் மண்டையில் ஏறியது.

"ஜன்னல்லேர்ந்து ரெண்டுதான் தெரியும்" என்றார். "கிளம்பும்போது கொஞ்சம். எறங்கும்போது கொஞ்சம். அதனாலதான் எல்லாத்துக்கும் சக்கரம் வெளிய இருக்கு. மேல என்ன நடந்துதுன்னு எனக்கு என்ன தெரியும்? கிளம்பினா வரைவேன். திரும்பி வந்தா வரைவேன்."

"ஏழு?" என்றேன்.

"ஏழு என்னோடது. நான் படுத்துட்டேன்னு மூக்கன் எடுத்துக்கிட்டுப் போனான்." மூக்கன் அவருடைய கூட்டாளி; மூக்கு அவ்வளவு நீளமாம். "ஜன்னல் பக்கம் வந்து, கன்னத்தை உப்பிக் காட்டிக் கேலி பண்ணிட்டுப் போனான். நானும் இருட்டுற வரைக்கும் காகிதத்தை ஈரமாவே வெச்சிருந்தேன்."

ஏழு திரும்பி வரவே இல்லை. இவர் போயிருக்க வேண்டிய இடத்துக்கு இன்னொருவன் போய்விட்டான். இவர் உயிரோடு வந்து என்னைக் கட்டிக்கொண்டார். மூக்கனின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை, ஆனால் அன்றைக்கு அவனுக்காக அழுதேன். இவருக்கு அந்தக் காய்ச்சல் வந்ததே என்று சந்தோஷப்பட்டும் அழுதேன், அதுதான் வெட்கமாக இருந்தது.

மறுநாள் அவரே ரசமட்டத்துக்குப் போன் செய்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். பறக்கவில்லை, ஜன்னலிலிருந்து பார்த்து வரைந்தவை, சுவரில் அப்படியே எழுதுங்கள், ஏழு ஒற்றையாகவே இருக்கட்டும் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் எனக்கே கேட்டது. "பெரிய வீரர்ங்க எல்லாரும் இப்படித்தான் சார் சொல்வாங்க. என்ன ஒரு தன்னடக்கம்! தகடு அடிச்சாச்சு சார். ஏழாம் நம்பரை நான் பாத்துக்கறேன், நீங்க கவலையே படாதீங்க."

தன்னடக்கம் என்ற சொல்லைக் கேட்டு அவர் என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திறப்பு விழாவன்று அக்கா புதுச் செருப்போடு வந்திருந்தாள். பளபளவென்று பித்தளைத் தகடு. "எதிரியின் குண்டுகளுக்கு நடுவே பறந்தபடி தீட்டியவை" என்று அதில் வெட்டியிருந்தார்கள். பறந்துகொண்டே வாட்டர் கலர் பூச முடியுமா, தண்ணீர்க் கிண்ணம் எங்கே நிற்கும் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. அக்கா அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தாள். இதற்காகத்தானே இத்தனை ஆட்டம் ஆடினேன்? எனக்குக் கொஞ்சமும் ருசிக்கவில்லை.

திரும்பிப் பார்த்தால் அவர் சுவரின் கடைசியில் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். போய்ப் பார்த்தேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏழாம் எண் கிளம்புகிற படம். பக்கத்தில், ஏழாம் எண் இறங்குகிற படம்.

ரசமட்டம் பின்னாலேயே ஓடிவந்தார். குரலைத் தாழ்த்தி, "ஒண்ணாம் நம்பர் எறங்குறதை நீங்க ரெண்டு தடவை வரைஞ்சிருந்தீங்க சார், ஒண்ணு உபரியா இருந்துது. அதே மாடல்தான். ஒண்ணுக்கு மேல ஒரு சின்னக் கோடு இழுத்தா ஏழு. யாருக்கும் தெரியாது" என்று பல்லைக் காட்டினார். குமிழி நட்டநடுவில் நிற்கிற திருப்தி அவர் முகத்தில். யாரோ கூப்பிடவும் நகர்ந்துவிட்டார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். செத்தவனோடு விளையாடுகிறானா இவன்? அந்தப் படத்தைச் சுவரோடு பிடுங்கி அவன் தலையிலேயே போடலாம் என்று ஓரடி முன்னால் வைத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்துக்கு மிக அருகில் குனிந்தார். பிறகு, பக்கத்தில் நிற்கிற இன்னொரு விமானியிடம் பேசுவதுபோல, "கொஞ்சம் வேகமா வர்றான்" என்றார். "காத்து பக்கத்துலேர்ந்து அடிக்குது. இருந்தாலும் சமாளிச்சுட்டான். சக்கரம் தரையைத் தொட்டாச்சு."

என் மணிக்கட்டை அவர் இன்னும் விடவில்லை. அழுகிறாரோ என்று பார்த்தேன். இல்லை. இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

"என்னங்க, இதை எடுத்துடச் சொல்லட்டுமா?" என்று காதோரம் கேட்டேன்.

"வேண்டாம்மா" என்றார். "இப்பதான் வந்து சேர்ந்திருக்கான்."