களவாத் தலை

காலையிலிருந்து குத்த வைத்து மீன் வெட்டியதில் பொன்னழகுக்கு இடுப்பு கழன்று விழும்போல் இருந்தது. ஐஸ் பட்டு விரல்கள் மரத்திருந்தன. வயிற்றில் ஒரு டீயைத் தவிர எதுவும் இல்லை. அப்போதுதான் டவுன் பஸ் கண்டக்டர் ஸ்தனிஸ்லாஸ் காக்கிச் சட்டையோடு மார்க்கெட்டுக்குள் வந்தார்.

“களவா மீன் இருக்கா?”

கடைக்காரர் நூர் முகமது இரண்டு மீன்களைத் தூக்கிப் பலகையில் போட்டார். ஒவ்வொன்றும் மூன்றரை கிலோவுக்குக் குறையாது.

“இதுல எது களவா?”

“கண்டக்டர் கண்ணு அம்புட்டுத்தானா? கிழிஞ்ச நோட்டு நெறைய வாங்கியிருப்பீக போல” என்றாள் பொன்னழகு. “வாலைப் பாருங்கண்ணே. கவட்டை கணக்கா பிரிஞ்சிருக்கே, இது விளமீனு. மூஞ்சி கூரா இருக்கும், செதில் பெருசு. அது விசிறி மாதிரி வட்ட வாலு, அண்டா வாயி, தடிச்ச தோலு. அதான் களவா. ரெண்டும் கடல் பாறைக்குள்ள கெடக்கிறதுதான். விளமீனு இனிக்கும், முள்ளு பாத்துத் திங்கணும். களவாவுல சதை கனம்.”

“களவாவே வெட்டும்மா. எம் வீட்டுக்காரி ஜெயமேரி மணப்பாட்டுக்காரி. வயித்துல கட்டி எடுத்து மூணு வாரமாச்சு. கஞ்சியக்கூட கக்குறா. நேத்துதான் வாயத் தொறந்து களவா வேணும்னா.”

பொன்னழகு இரண்டே வெட்டில் தலையை எடுத்தாள். கண்மாய் மீன் தின்று பழகிய இந்த ஊரில் பெரிய கடல்மீனின் தலையை யாரும் கேட்பதில்லை. கேட்காத தலை வெட்டுகிறவளுக்கு. அதுதான் வழக்கம். ஆனால் மணப்பாட்டுக்காரி என்ற சொல் அவள் காதில் விழுந்திருந்தது. கடற்கரைக்காரிக்குத் தலைதான் மீன். கேட்டிருக்கலாம். கேட்காமல் முழங்காலுக்கு அடியிலிருந்த வாளிக்குள் தள்ளினாள்.

மத்தியானம் வீட்டில் புளி கரைத்து அதைக் குழம்பு வைத்தாள். உதடும் கன்னமும் வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் போயின. வயிறு நிறையத் தின்றாள்.

மறுநாள் காலை ஸ்தனிஸ்லாஸ் மறுபடி வந்து நின்றார். மீன் பக்கமே பார்க்கவில்லை.

“ஏம்மா, அந்தத் தலைய எங்க போட்ட? சட்டியக் கிண்டிக் கிண்டிப் பாத்தா. தலை எங்கன்னா. அது எதுக்குன்னு கேட்டுட்டேன். சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா. ஒரு துண்டு தொடல. எங்க ஊரு எரியோட்டுல தலைய நாய்க்குத்தாம்மா போடுவோம், எனக்கு என்ன தெரியும்?”

குப்பையில் போட்டுவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம்.

“நாந்தாண்ணே தின்னேன். கேக்கணும்னு தோணுச்சு. பசி, கேக்கல.”



“நல்லா இருந்துச்சா?”

“இருந்துச்சு.” அவள் தலையை நிமிர்த்தவில்லை. “அடுத்து வர்ற களவாத் தலை அக்காவுக்குத்தான். நானே கொண்டாந்து தாரேன்.”

“எந்தக் களவா?” என்றார் நூர் முகமது. “தடைக்காலம் தொடங்கிருச்சு. அறுபத்தொரு நாளு விசைப்படகு கடலுக்குப் போகாது.”

எட்டு நாள் கழித்து, இன்னும் தடை தொடங்காத கேரளாவின் லோடில் ஒரு விளமீன் வந்தது. அதன் தலையைக் குழம்பு வைத்து, தூக்குவாளியோடு ஜெயமேரி வீட்டுக்குப் போனாள் பொன்னழகு. கட்டிலில் சாய்ந்திருந்த ஜெயமேரி தலையை விரலால் புரட்டினாள்.

“இது விளமீனுல்ல?”

“ஆமாக்கா.”

“கூர் மூஞ்சிய எங்கிட்டயே கொண்டாறியா? உறிஞ்சுறதுக்கு இதுல என்னடி இருக்கு, வெறும் எலும்பு.”

சொல்லிவிட்டுக் குழம்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தாள். ஒரு வாய். இன்னொரு வாய். வாசல்படியில் நின்ற ஸ்தனிஸ்லாஸ் விரல்விட்டு எண்ணினார். நாலு வாய். சற்று நேரம் எல்லோரும் காத்திருந்தார்கள். கக்கவில்லை.

“தடை முடிய இன்னும் எத்தன நாளு?”

“அம்பத்தி மூணுக்கா.”

“இத அந்தக் களவாத் தலைக் கணக்குல கழிச்சுறாத” என்றாள் ஜெயமேரி.

கழிக்கவில்லை. பொன்னழகு ஜெயமேரிக்கு ஒரு களவாத் தலை தர வேண்டும்.