‘நல்லவன்தான்’ என்றான் ஊர்ஸ்

நித்தியானந்தனின் முதல் படை எலிகளிடம் செத்துப்போனது. அரக்கனுமல்ல, பூதமுமல்ல, எலிகள். வாளும் கேடயமுமாக ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு கோட்டை வாசலைத் தாண்டி இரண்டு எட்டு வைத்திருப்பான். இருட்டுக்குள்ளிருந்து எலிக்கூட்டம் பாய்ந்து வந்து ஆறு பேரையும் கடித்துத் தீர்த்துவிட்டது. பக்கத்தில் இருந்த ஊர்ஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நித்தியும் சேர்ந்து சிரித்தான். செத்தவர்கள் யாரென்று கவலைப்பட அப்போது ஒன்றுமில்லை. பெயர் கேட்ட இடத்தில் ஏ, பி, சி என்று ஆளுக்கோர் எழுத்தைத் தட்டிவிட்டிருந்தான், அவ்வளவுதான்.

இது சுவிட்சர்லாந்தின் எம்மன்புரூக்கேயில், எண்பத்தேழாம் ஆண்டு. நித்தி அங்கே ஒரு நூல் ஆலையில் உருளைகளை வண்டியில் அடுக்கித் தள்ளுகிற வேலை பார்த்தான். ஊர்ஸ் அதே ஆலையில் மெஷின் திருத்துகிறவன். இடைவேளையில் நித்தி தனியே இருந்து பாண் தின்கிற மேசைக்கு ஒருநாள் தானாகவே வந்து உட்கார்ந்தான். “உனக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியுமோ?” என்று கேட்டான். தெரியும் என்றதும், “அப்ப சனிக்கிழமை வீட்டை வா, ஒரு சாமான் காட்டுறன்” என்றான். அவர்கள் பேசியது பாதி ஆங்கிலம், பாதி ஜெர்மன், மிச்சம் கையும் கண்ணும். நமக்கு வசதியாக அதை நம் தமிழிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த நாட்டில் ஒருவன் தன் வீட்டுக் கதவைத் திறந்து உள்ளே வா என்பது லேசுப்பட்ட காரியமல்ல. நித்தி வந்து இரண்டு குளிர்காலம் போயிருந்தது. அதுவரை அவன் பார்த்த சுவிஸ் கதவுகள் எல்லாம் அலுவலகக் கதவுகள்தான். அதனால் அந்தச் சனிக்கிழமை சேர்ட்டை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு போனான். ஊர்ஸ் காட்டிய சாமான் ஒரு கொம்பியூட்டர், அதற்குள் ஒரு விளையாட்டு. அதன் ஆங்கிலப் பெயரைத் தமிழில் சொன்னால் ‘சாம்பல் கோட்டை’ என்று வரும். ஆறு பேரைப் படைத்து, பெயரிட்டு, ஆயுதம் கொடுத்து, பாதாளம்வரை இறங்கும் அந்தக் கோட்டைக்குள் அனுப்ப வேண்டும். ஊர்ஸும் அவன் கூட்டாளிகள் இரண்டு பேரும் அதை ஏற்கெனவே முடித்துவிட்டிருந்தார்கள்.

எலிகளுக்குப் பிறகு இரண்டாவது படை பட்டினியால் செத்தது. சாப்பாடு வாங்கிக் கட்டிக்கொண்டு போக வேண்டும் என்று யார் கண்டார்கள்? விளையாட்டிலுமா பசிக்கும்? மூன்றாவது படை குழிக்குள் விழுந்தது. கட்டக் கடதாசியில் தான் கீறிய வரைபடத்தை நித்தி தலைகீழாகப் பிடித்துப் பார்த்ததால் வந்த வினை அது. ஒவ்வொரு முறையும் அந்தப் பாழாய்ப்போன பெட்டி கிர்ரென்று உறுமி, செத்தவர்களைச் செத்தவர்களாகவே பிளொப்பித் தட்டில் எழுதிவிடும். பிறகு மன்றாடினாலும் எழுப்ப முடியாது. “உதுதான் இதின்ர ருசி” என்பான் ஊர்ஸ். நித்திக்கும் மெல்ல மெல்ல அந்த ருசி பிடித்துப் போயிற்று.

ஐப்பசி மாதம் யாழ்ப்பாணத்தில் சண்டை வெடித்தது. இந்தமுறை இந்திய இராணுவம். ஊரடங்கு, செல்லடி, தொலைபேசி இல்லை, கடிதம் இல்லை. நித்தியின் அறையில் கூட இருந்த கனகரத்தினம் அண்ணை வானொலிப் பெட்டியைக் காதோடு ஒட்டிவைத்து லண்டன் செய்தி கேட்பார். கேட்டுவிட்டு அணைத்துவிடுவார். தீபாவளி வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. ஆலையில் மட்டும் ஒவ்வொரு காலையும் ஊர்ஸ் வண்டியை மறித்து நின்று, “வீட்டிலயிருந்து ஏதும் செய்தி வந்ததோ?” என்று கேட்பான். இல்லை என்று நித்தி தலையாட்டுவான். அந்தப் பெரிய ஆலையில் அதைக் கேட்க இருந்தது அவன் ஒருவன்தான்.

அந்த நாட்களில்தான் நித்தி நான்காவது படையைச் சேர்த்தான். பெயர் என்ன என்று பெட்டி கேட்டபோது கை தன்பாட்டில் தட்டியது. யோகாம்பாள், அது அம்மா. காயம் ஆற்றுகிற பூசாரி. ராஜேஸ்வரி அக்கா வில்லோடு. ஊரில் மட்டத்தேளைக்கூடக் கொல்லாமல் தும்புத்தடியால் தள்ளிவிடுகிற அத்தான் வரதராசாவுக்கு முன்வரிசையில் பெரிய வாள். தம்பி குகதாசன் பூட்டுத் திறக்கிற கள்ளன், அது பொருத்தம்தான். அக்காவின் மகள் ஏழு வயதுச் சிவகலா மந்திரவாதி. ஆறாவது ஆளாகத் தன்னையே போட்டான், பின்வரிசையில், யாருடைய கையும் எட்டாத இடத்தில். அப்படித்தானே அவன் ஊரைவிட்டும் வந்திருந்தான்.

கனகரத்தினம் அண்ணைக்கு இதைச் சொன்னபோது அவர் குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டார்.

“உனக்கென்ன விசரோடா? பெத்த தாயின்ர பேரை வைச்சுப் பேயோட சண்டை பிடிக்க விடுறியோ? ஏதும் ஒண்டு கிடக்க ஒண்டு நடந்தா?”

“நடக்காதண்ணை. நான் கவனமாக் கூட்டிக்கொண்டு போறன்.”

உண்மையிலேயே கவனமாகத்தான் கூட்டிக்கொண்டு போனான். வெளியே சொன்னால் வெட்கக்கேடு, ஆனால் நேர்த்திக்கடன் வைத்த மாதிரி ஓர் எண்ணம் அவன் மனதுக்குள் ஊன்றிவிட்டது. இதற்குள் இந்த ஆறு பேரும் உயிரோடு இருக்கும்வரை, அங்கேயும் ஒருவருக்கும் ஒன்றும் வராது. படித்தவன், பகுத்தறிவு பேசியவன்தான். செய்தி வராத வீட்டுக்காரனிடம் போய்ப் பகுத்தறிவு பேசிப் பாருங்கள், தெரியும். சிவகலாவுக்கு ஒரு சின்னக் கீறல் விழுந்தாலும் படையைத் திருப்பிக்கொண்டு மேலே சத்திரத்துக்கு ஓடிவிடுவான். ஊர்ஸ் பொறுமை இழந்து, “இப்பிடிப் போனா கிழவனாகித்தான் முடிப்பாய்” என்பான்.

அதனால் ஒருநாள் ஊர்ஸுக்கு எல்லாவற்றையும் சொன்னான். இது அம்மா, இது அக்கா, இந்தச் சின்னவளுக்கு முன்பல் விழுந்திருக்கிறது என்று திரையில் விரல் வைத்து ஒவ்வொருவராகக் காட்டினான். நேர்த்தியையும் சொன்னான். ஊர்ஸ் சிரிக்கவில்லை. அவன் தோளில் கையை வைத்து, “கவனமாப் போவம்” என்று மட்டும் சொன்னான். அன்றைக்கு நித்தி பஸ்ஸில் திரும்பும்போது, கூடப்பிறந்தவன் ஒருவன் இந்த ஊரில் கிடைத்துவிட்டான் என்றே நினைத்தான்.

கோட்டையின் கீழ்த்தட்டுக்கு வந்தபோது ஒரு சிறைக்கூடம் குறுக்கிட்டது. உள்ளே சங்கிலியில் ஒரு வீரன். பெயர் ஆல்ட்ரென். என்னை விடுவித்தால் உங்களோடு வருகிறேன், வழியெல்லாம் எனக்குத் தெரியும் என்றான். நித்தி விசையில் வைத்த விரலை எடுத்துக்கொண்டான். தெரியாத ஒருவனை வீட்டாரோடு சேர்ப்பதா? இயக்கம், இராணுவம், காட்டிக்கொடுப்பவன், முகத்தை மூடிக்கொண்டு ஆள்காட்டுகிற தலையாட்டி எல்லாம் பார்த்த ஊரிலிருந்து வந்தவனுக்கு அது சும்மா வருகிற சந்தேகமல்ல. திரும்பி ஊர்ஸைப் பார்த்தான்.

“ஊர்ஸ், நீ இதை முடிச்சனி. உண்மையைச் சொல்லு. இவன் நல்லவனோ?”

ஊர்ஸ் காதைச் சொறிந்தான். யன்னல் பக்கம் ஒருதரம் பார்த்தான்.

“நல்லவன்தான். நம்பிக் கூட்டிக்கொண்டு போ” என்றான்.

நித்தி சங்கிலியை வெட்டிவிட்டான். ஆல்ட்ரென் நிஜமாகவே நன்றாகச் சண்டை பிடித்தான். அத்தானுக்கு விழவேண்டிய அடியைக்கூடத் தான் வாங்கினான். சத்திரத்தில் சாப்பாட்டைப் பிரித்தபோது நித்தி வழமைப்படி வந்தவனுக்கே முதல் பங்கு கொடுத்தான். விருந்தாளி பசியோடு இருக்க வீட்டுக்காரர் சாப்பிடுகிற பழக்கம் அவன் வீட்டில் இல்லை. பெட்டிக்கு இதெல்லாம் விளங்குமா என்று கேட்டால், விளங்காதுதான்.

அடுத்த சனிக்கிழமை போனபோது ஊர்ஸின் கூட்டாளிகள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். பியர், உருளைக்கிழங்குப் பொரியல், கதிரைகளெல்லாம் திரையைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்தார்கள். “நீ நல்லா முன்னேறிட்டாய், பாக்க வந்திருக்கினம்” என்றான் ஊர்ஸ். நித்திக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று. தன்னையும் ஓர் ஆளாக மதித்து இரண்டு பேர் பார்க்க வந்திருக்கிறார்களே! முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தான்.

ஆழத்தில், ஒரு சுனைக்கரையில், படையை இளைப்பாற விட்டான். பின்னால் பேச்சு அடங்கியது. ஒருவன் மற்றவனின் விலாவில் இடிப்பது திரைக் கண்ணாடியில் தெரிந்தது. ஏனென்று அவன் யோசிப்பதற்குள் வரிகள் வரத் தொடங்கின. காவலுக்கு நின்ற ஆல்ட்ரென் வாளை உருவுகிறான். வரதராசா தூக்கத்தில் கொல்லப்பட்டார். ராஜேஸ்வரி கொல்லப்பட்டாள். நித்தி விசைகளைக் கண்டபடி அடித்தான், ஒன்றும் வேலை செய்யவில்லை. குகதாசன். யோகாம்பாள். சிவகலா. ஒவ்வொரு பெயருக்கும் இடையில் பெட்டி கொஞ்சம் நிறுத்தி, உறுமி, எழுதிக்கொண்டு, அடுத்ததற்குப் போனது. கடைசியாக ஆல்ட்ரென் சிரித்துக்கொண்டே இருளில் மறைந்தான் என்று வந்தது. பின்வரிசையில் நித்தி மட்டும் உயிரோடு நின்றான்.

வீடே அதிரச் சிரித்தார்கள். ஒருவன் அவன் முதுகில் தட்டி, “வா, வா, நீயும் எங்கட ஆள்தான் இப்ப! எங்கள் எல்லாரையும் அவன் இப்பிடித்தான் முடிச்சவன்” என்றான். மற்றவன் பியரைத் திறந்து கையில் திணித்தான். “பார், நீ தப்பிட்டாய்! என்ர படையில ஒருத்தரும் மிஞ்சேல்ல. அதிர்ஷ்டக்காரன்!”

நித்தி போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தான். சிரிப்பு ஒவ்வொன்றாக ஓய்ந்தது. முதலில் ஓய்ந்தது ஊர்ஸினுடையது.

“பொறு, பொறு” என்று ஊர்ஸ் எழும்பி ஓடிப்போய் மேசை லாச்சியிலிருந்து இன்னொரு பிளொப்பியை எடுத்து வந்தான். “ஒருத்தரும் சாகேல்ல. நான் பிரதி எடுத்து வைச்சிருக்கிறன். பார், உன்ர அம்மா, அக்கா, சின்னவள், எல்லாரும் இதுக்குள்ள உயிரோட இருக்கினம்.”

“எப்ப எடுத்தனி?”

“நீ போனகிழமை போன பிறகு.”

“அப்ப இண்டைக்குச் சாவினமெண்டு போனகிழமையே உனக்குத் தெரியும்.”

ஊர்ஸின் முகம் சிவந்தது. “இது எங்கட பழக்கம், நித்தி. ஆல்ட்ரெனைப் பற்றி ஆரும் ஆருக்கும் சொல்லுறேல்ல. எனக்கும் ஒருத்தரும் சொல்லேல்ல. சொன்னா விளையாட்டே போயிடும். இது வெறும் விளையாட்டுத்தானே?”

“நான் விளையாட்டிட்டக் கேக்கேல்ல, ஊர்ஸ். உன்னட்டக் கேட்டனான்.”

கூட்டாளிகள் இருவரும் பொரியல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்லாமல் விட்டிருந்தால்கூட நித்தி பொறுத்திருப்பான். வாயைத் திறந்து, யோசித்து, நல்லவன் என்று சொன்னதுதான் நெஞ்சை அறுத்தது. அம்மாவின் பெயரைத் தெரிந்துகொண்டு சொன்னான். சின்னவளின் பல்லைத் தெரிந்துகொண்டு சொன்னான். ஊர்ஸ் நீட்டிய பிளொப்பியை அவன் வாங்கவில்லை. வாங்க வேண்டும் என்று கை துடித்ததும் உண்மை. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, படியிறங்கி, பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தே போனான். வழியில் ரோட்டென்றும் பாராமல் அழுதான்.

அதன்பிறகு ஊர்ஸ் ஆலையில் அவன் பக்கம் வரவில்லை. தூரத்தில் நின்று பார்ப்பான், நித்தி பார்த்தால் குனிந்து மெஷினுக்குள் தலையை விட்டுக்கொள்வான். நித்திக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்தப் பெயர்கள் அதே வரிசையில் வந்தன. நேர்த்தி தவறிப்போயிற்று, இனி அங்கே என்ன மிச்சம் என்றே மனம் அடித்துக்கொண்டது.

செய்தி ஒரு ஞாயிறு காலை வந்தது. கொழும்பிலிருந்து ஒன்றுவிட்ட அண்ணன் பத்மநாதன் தொலைபேசி எடுத்திருந்தார். கனகரத்தினம் அண்ணை படியேறி ஓடிவந்து மூச்சிரைக்கக் கதவைத் தள்ளினார்.

“எல்லாரும் சுகமாம்! செல்லடிக்குப் பயந்து கோயிலுக்கை போய் இருந்தவையாம், இப்ப வீட்டை திரும்பிட்டினமாம். அம்மாவுக்குக் கொஞ்சம் காய்ச்சலாம், வேற ஒண்டுமில்லை. ஒரு ஆளிலயும் ஒரு கீறல் இல்லையாமடா!”

நித்தி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி விம்மினான். அண்ணை சுவாமிப் படத்துக்கு முன்னால் கற்பூரம் கொளுத்தினார். குளிர்ப்பெட்டியில் இருந்த இறைச்சியை எடுத்துக் கறி காய்ச்சினார்கள், மாடிவீட்டுக்காரி வந்து கதவைத் தட்டும்வரை சத்தமாகக் கதைத்தார்கள். எல்லாம் முடிந்து கையைக் கழுவும்போது, இதை நாளைக்கு ஊர்ஸுக்குச் சொல்ல வேண்டும் என்று நித்தி நினைத்தான். நினைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

திங்கட்கிழமை காலை, எவ்வளவு துணிவைச் சேர்த்துக்கொண்டு வந்தானோ, ஊர்ஸ் வண்டியின் முன்னால் வந்து நின்றான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கையில் இருந்த எண்ணெய்த் துணியைப் பிசைந்தான்.

“நித்தி, வீட்டிலயிருந்து... ஏதும் செய்தி வந்ததோ?”

நித்தி அவனை நேரே பார்த்தான். யன்னல் பக்கம் பார்க்கவில்லை, காதையும் சொறியவில்லை.

“இல்லை” என்றான். “ஒரு செய்தியும் இல்லை.”

ஊர்ஸின் முகத்தில் இருந்த கொஞ்ச நஞ்ச இரத்தமும் வடிந்தது. “வரும், கட்டாயம் வரும்” என்று சொல்லி நித்தியின் கையைப் பிடித்தான். நித்தி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.