புயல் முடிச்சு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்யலாம். வழுக்கைத் தலை என்பதால் அடி நன்றாகவே விழும்.

எல்லாம் ஒரு கடிதத்தில் தொடங்கியது. வானிலை ஆய்வு நிலையத்திலிருந்து வந்த அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு அண்ணன் சமையலறை வாசலில் வாயடைத்து நின்றான். உள்ளே சின்னவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. இயற்பியலில் முதுகலைப் பட்டம், பல்கலைக்கழகத்திலேயே முதல் மதிப்பெண். பட்டம் வாங்கிய நாளிலிருந்து நான்கு வருடமாக வீட்டுக்குப் பூண்டு உரிப்பது அவள் பொறுப்பு. அவளுக்கு ஏற்ற வேலை இதுதான் என்று அண்ணி கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

"என்னண்ணே, மூச்சையே காணோம்?"

"உன்னை வேலைக்கு எடுத்திருக்காங்க."

அண்ணி கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. "யாரு, இவளையா? வானத்தைப் பாக்கற வேலைக்கா?"

"அங்க யாரும் வானத்தைப் பாக்கறதில்ல அண்ணி. ஜன்னலைச் சாத்திட்டு ஏசி ரூம்ல நம்பரைத்தான் பாக்கறாங்க."

"மூணு மாசம் வச்சுப் பாப்பாங்களாம். சரிப்பட்டு வந்தா நிரந்தரம்," என்றான் அண்ணன்.

"சரிப்பட்டு வரலன்னா?"

"பூண்டு எங்கயும் ஓடிடாது," என்றாள் அண்ணி.

நிலையத்தில் தடபுடலான வரவேற்பு. இயக்குநரே வாசலுக்கு வந்தார். "உனக்காகவே நல்ல வெளிச்சமான ரூமா பாத்து ஒதுக்கியிருக்கேம்மா. ரெண்டு டேபிள் லேம்ப் வேற!" முதல் வாரத்திலேயே அவளோடு நூற்றுப் பதினேழு புகைப்படங்கள் எடுத்துக்கொண்டார்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடப் போனவளிடம், "உனக்கு எதுக்கும்மா சிரமம்?" என்று சொல்லி, இயக்குநர் அவள் கட்டைவிரலைப் பிடித்து மையில் முக்கினார். மாதம் பிறந்தால் தலைமை எழுத்தர் ஒரு படிவத்தோடு வருவார்.

"போன மாசம் கண்ணு தெரியலன்னு எழுதிக் குடுத்தீங்க. இந்த மாசம் எப்படி?"

"அப்படியேதான் சார். மாறினா சொல்லி அனுப்பறேன்."

வேலை மட்டும் ஒன்றும் தரவில்லை. அவளாகவே எடுத்துக்கொண்டாள். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் அவள் கணினியில் இருந்தது. கடலில் மிதக்கும் கருவிகள் அனுப்பும் காற்றழுத்த எண்களை அது அவள் காதுக்குள் ஒப்பிக்கும். கடுகு மூட்டை அவிழ்ந்து மாடிப்படியில் கொட்டினால் எப்படியோ, அப்படி ஒரு வேகம். ஒருநாள் ஹெட்போனை வாங்கிக் கேட்ட தலைமை எழுத்தர் மூன்று நாள் அதே வேகத்தில் பேசினார். மனைவி டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டியதாயிற்று.

மூன்றாவது மாதக் கடைசியில் இயக்குநருக்கு ஒரு யோசனை பிறந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு அறிவியல் துறையில் வேலைவாய்ப்பைப் பெருக்க ஒரு விழா. அன்று தன்னையும் சேர்த்து நாற்பது ஊழியர்களும் ஒரு மணி நேரம் கண்ணைக் கட்டிக்கொண்டு 'அவர்கள் படும் பாட்டை' உணர வேண்டும்.

"நீயும் கட்டிக்கம்மா."

"எனக்கு எதுக்கு சார்?"

"ஃபோட்டோல எல்லாரும் ஒரே மாதிரி இருக்க வேணாமா?"

"துணியை வீணாக்காதீங்க சார்."

இயக்குநர் முகம் சுருங்கியது. கட்டிவிடும் பொறுப்பு வாசல் காவலாளிக்கு. அவர் முப்பது வருடம் துறைமுகத்தில் கப்பல்களைக் கரையோடு கட்டியவர். புயலில் கப்பல் நகராமலிருக்கப் போடும் ஒரே ஒரு முடிச்சுதான் அவருக்குத் தெரியும். நாற்பது பேருக்கும் அதையே போட்டார். வேலையில் குறை வைக்காத மனிதர். கடைசியாகத் தனக்கும் போட்டுக்கொண்டார்.

பத்தாவது நிமிடம், சின்னவளின் காதில் எண்கள் மளமளவென்று சரிந்தன.

"சார், புயல் வருது! படகெல்லாம் கடல்ல இருக்கு. உடனே எச்சரிக்கை அனுப்பணும்!"

நாற்பது பேரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். ஏழு பேர் சுவரில் மோதினார்கள். இரண்டு பேர் ஒருவரையொருவர் கதவென்று நினைத்துத் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். ஒரு விஞ்ஞானி அலமாரிக்குள் நுழைந்து, தெருவுக்கு வந்துவிட்டதாக நினைத்து ஆட்டோவைக் கூப்பிட்டார்.

"முடிச்சை அவுத்து விடுய்யா!"

"இது காத்து நின்னாத்தான் அவுரும் சார்," என்றார் காவலாளி.

"கத்திரிக்கோல் எங்க?"

"பீரோல சார்," என்றார் தலைமை எழுத்தர்.

"சாவி?"

"பத்திரமா அதுக்குள்ளதான் வச்சிருக்கேன்."

எச்சரிக்கையைச் சின்னவள் எழுதி, தாளில் அச்செடுத்துவிட்டாள். ஆனால் இயக்குநர் கையெழுத்து இல்லாமல் அந்த நிலையத்திலிருந்து ஒரு தூறல்கூட வெளியே போகாது.

"எங்கம்மா போடணும்? ஒண்ணுமே தெரியலையே!" என்றார் இயக்குநர்.

"பயப்படாதீங்க சார். கையைக் குடுங்க. மூணடி வைங்க. வலது பக்கம் மேஜை முனை, இடிச்சுக்காதீங்க."

முதல் கையெழுத்து மேஜை மேல் விழுந்தது. இரண்டாவது காவலாளியின் சட்டை மேல். சின்னவள் தன் பையிலிருந்து ஒரு அளவுகோலை எடுத்துத் தாளின் மேல் வைத்து, அவர் விரலை அதன் ஓரத்தில் நிறுத்தினாள்.

"இதை ஒட்டியே போடுங்க. நான் அப்படித்தான் போடுவேன்."

எச்சரிக்கை போய்ச் சேர்ந்தது. இருநூற்றுப் பதினான்கு படகுகள் கரை திரும்பின. அவற்றில் ஒன்று வந்த வேகத்தில் கரையில் நிற்காமல் கடைத்தெரு வரை வந்து, ஓரமாக ஒதுங்கி நின்றது. மறுநாள் மாலை காற்று நின்றது. நாற்பத்தொரு முடிச்சுகளும் தாமாக அவிழ்ந்தன.

அடுத்த வாரம் இயக்குநர் அவளைக் கூப்பிட்டு அறிக்கையைப் படித்துக் காட்டினார். 'விழா நாளில் ஊழியர் அனைவரும் கண்ணைக் கட்டிக்கொண்டபோது இவர் மட்டும் மறுத்துவிட்டார். ஒத்துழைப்பு போதாது. நிரந்தரம் செய்யப் பரிந்துரைக்கவில்லை.'

"கட்டைவிரலைக் குடும்மா."

சின்னவள் விரலை நீட்டவில்லை. அளவுகோலை எடுத்தாள்.

"கையெழுத்தே போடறேன் சார். ஆனா உங்க கையெழுத்து இன்னும் ரெண்டு இருக்கே. மேஜையையும் சட்டையையும் இதோட இணைச்சு மேலிடத்துக்கு அனுப்பிடுங்க."

"சட்டையை இன்னும் துவைக்கல சார்," என்றார் வாசலில் நின்ற காவலாளி.

இயக்குநர் மேஜையைப் பார்த்தார். பிறகு அறிக்கையை நான்காகக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினார். சின்னவள் நிரந்தரமானாள். இரண்டு டேபிள் லேம்ப்பையும் தலைமை எழுத்தருக்கே கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் அண்ணிதான் பூண்டு உரிக்கிறாள்.

எல்லாம் நடந்தது நடந்தபடி. அவளை வேலைக்கு எடுத்ததாக அண்ணன் கையில் இருந்ததே ஒரு கடிதம், அது மட்டும் இன்றுவரை வரவில்லை. அது வரும்வரை பூண்டு உரிப்பது சின்னவள் பொறுப்புதான்.